அளவு நாற்பது

ஜூன் 8

வாலு,

கையெழுத்தைப் பார்த்ததும் கவரைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். செய்தால் இரண்டாவது நிமிடமே உனக்கும் எனக்கும் முட்டிக்கொள்ளும். கடிதத்தில் திட்ட வேண்டுமென்றால் பேனாவைத் தேட வேண்டும், ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், பெட்டி வரை நடக்க வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

முதலில் அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றைக்கு வார்டு வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் உன்னை "வெளியே போடி" என்றது தப்புதான். ஆனால் நீ சொன்னது அதைவிடத் தப்பு. உன் அண்ணன் ரிப்பேருக்குப் போன இடத்தில் லிஃப்ட் குழியில் விழுந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. கண் திறந்திருக்கிறது. மூச்சு தானாக வருகிறது. அந்த மனுஷனின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "அண்ணன் போயாச்சு அண்ணி, விட்டுருங்க" என்றாய். கூடப் பிறந்தவள் வாயில் வருகிற வார்த்தையா அது? சரி, ஸ்டாம்ப் ஒட்டியாக வேண்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். எதிர்க் கட்டிலில் வயதான ஒரு அம்மா இருந்தார். அவருடைய மகளுக்கு நான் வைத்த பெயர் சாக்ஸ் அக்கா. பார்வையாளர் நேரம் முழுக்கத் தலை நிமிராமல் சாக்ஸ் பின்னுவார். ஒரு ஜோடி முடிந்தால் அடுத்த ஜோடி. போன வாரம் அந்தக் கட்டில் காலியானது. போகும்போது இரண்டு ஊசியையும் பாதி நூல் உருண்டையையும் என் கையில் திணித்து, "சும்மா மட்டும் உக்காந்திருக்காதீங்க, பைத்தியம் பிடிச்சிரும்" என்றார். ஊசியில் நூலை வளையம் வளையமாகக் கண்ணி ஏற்றவும் ஒரே மாதிரி வரிசை ஓட்டவும் முன்பே காட்டிக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

காலையில் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறேன். மதியம் இரண்டிலிருந்து எட்டு வரை இவர் பக்கத்தில். நான் பேசுவேன், இவர் பதில் சொல்ல மாட்டார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தானே என்று நீ சொல்வாய். அது பழகிவிட்டது. கை சும்மா இருப்பதுதான் தாங்கவில்லை.

முதன்முதலாகப் பின்னுகிறவள் எதில் ஆரம்பிக்க வேண்டும்? மப்ளரா, குல்லாவா, சாக்ஸா? ஸ்வெட்டர் கம்பெனியில் நாள் முழுக்க டேப்பும் கையுமாக நிற்கிறவள் நீ. உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

உன் அண்ணி


ஜூன் 16

அண்ணி,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்துவிட்டுப் பிரித்தேன்.

நான் செக்கிங்கில் இருக்கிறேன். வருகிற பீஸை மேஜையில் விரித்து அளவு பார்ப்பது, ஓட்டை பார்ப்பது, தப்பானதைத் தூக்கிப் போடுவது. பின்னுவது மெஷின். ஆனாலும் சாம்பிள் ரூமில் கையால் பின்னுகிறவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

மப்ளர். வேறு யோசனையே வேண்டாம். முப்பது கண்ணி ஏற்றுங்கள், அப்படியே ஓட்டிக்கொண்டு போங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தடித்த நூல், தடித்த ஊசி. நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு, கருநீலம் பக்கமே போகாதீர்கள், தப்பு எங்கே விழுந்தது என்று தேடியே கண் பூத்துப்போகும். பதினைந்து நாளில் முடிந்துவிடும். முதல் வேலையைப் பெரிதாக எடுத்தவர்கள் எல்லாரும் பாதியில் பையில் சுருட்டி வைத்தவர்கள்தான். நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று தெரியும். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

வாலு


ஜூன் 27

வாலு,

போடவில்லை. போடவும் மாட்டேன். மூச்சு நின்றால் மறுபடி மெஷினில் வைக்க வேண்டாம் என்று கட்டினவளே எழுதிக் கொடுக்கிற பேப்பர் அது. பெரிய டாக்டர் வாரா வாரம் அதை ஃபைலில் மேலாக வைத்துவிட்டுப் போகிறார். நான் வாரா வாரம் எடுத்து அடியில் சொருகுகிறேன்.

மப்ளர் வேண்டாம். மப்ளரை எங்கே கட்டுவது? கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், அது வழியாகத்தான் மூச்சு. நீயும் பார்த்துவிட்டுத்தானே போனாய். தவிர, பதினைந்து நாளில் முடிந்துவிடும் என்கிறாய். முடிந்தால் பதினாறாம் நாள் நான் என்ன செய்வேன்? எனக்குச் சீக்கிரம் முடிகிற வேலை வேண்டாம்.

ஸ்வெட்டர் பின்னப் போகிறேன். முழுக்கை, இவருக்கு. வார்டு ஏசியில் இவர் கை எப்போது தொட்டாலும் ஜில்லென்று இருக்கிறது. நூல்கூட வாங்கியாயிற்று. கருநீலம். திட்டாதே, இவருக்கு அந்த நிறம்தான் பிடிக்கும். நூல் கடைக்காரர் நல்ல மனுஷன். "முதல் தடவையாம்மா? குழந்தை சைஸ்ல ஏதாவது ஆரம்பிங்க, சீக்கிரம் கை வந்துரும்" என்றார். "குழந்தை இல்லைங்க" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. நூல் உருண்டைகளைக் கட்டித் தரும் வரை நிமிரவே இல்லை.

அளவும் எடுத்துவிட்டேன். சின்ன நர்ஸ் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க, டேப்பை முதுகுக்கு அடியில் விட்டு எடுத்தேன். மார்பு முப்பத்தேழு. எத்தனை கண்ணி ஏற்றட்டும்?

அண்ணி


ஜூலை 6

அண்ணி,

உங்களைத் திருத்தவே முடியாது. கருநீலம், முழுக்கை, பெரிய ஆள் சைஸ், அதுவும் முதல் வேலை. சாம்பிள் ரூமில் இருபது வருஷமாக இருக்கிற அக்காவிடம் சொன்னேன். "உங்க அண்ணி என்ன, நீச்சல் கத்துக்கக் கடல்ல குதிக்கிற ஆளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சொன்னால் கேட்கப் போவதில்லை, செய்வதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் பின்னி, ஒரு இஞ்சுக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணுங்கள். இந்தத் தடிமனுக்கு நாலு வர வேண்டும். இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் அது யாருக்கும் ஆகாது.

முப்பத்தேழு என்று எழுதியிருக்கிறீர்கள். டேப்பை இறுக்கிவிட்டீர்களா? அண்ணன் நாற்பத்திரண்டு. போன வருஷம்கூட அவனுக்குச் சட்டை எடுத்தது நான். படுத்திருக்கிற ஆளை அளந்தால் ஒன்றிரண்டு குறையும், ஐந்து குறையாது. நான் நாற்பது என்று வைத்துக்கொள்கிறேன். அளவு நாற்பது என்றால் தளர்வுக்கும் சேர்த்து எண்பத்து நாலு கண்ணி. பின்பக்கம் முதலில், பிறகு அதே மாதிரி முன்பக்கம், கடைசியில் கை இரண்டும். பட்டன் பட்டி, ஜிப் என்று எதையும் இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள், கற்றுக்குட்டிக்கு அது தலைவலி. வட்டக் கழுத்து வைத்து, தலை வழியாகப் போடுகிற மாதிரி பின்னுங்கள். அதுதான் இருப்பதிலேயே சுலபம்.

அவன் உடம்பைப் பற்றி வேறு எதுவும் எழுத வேண்டாம்.

வாலு


ஆகஸ்ட் 19

வாலு,

பின்பக்கம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று கேள்.

எண்பத்து நாலில் ஆரம்பித்தேன். பத்து வரிசை கழித்து எண்ணினால் தொண்ணூற்றொன்று. யார் வந்து ஏழு கண்ணியைச் சேர்த்துவிட்டுப் போனார்கள் என்று தெரியவில்லை. பிரித்தேன். இரண்டாவது தடவை எழுபத்தொன்பது. பிரித்தேன். மூன்றாவது தடவை எண்ணிக்கை சரியாக வந்தது, ஆனால் நடுவில் ஒரு ஓட்டை, சுண்டு விரல் நுழையும். வார்டு ஆயா பார்த்துவிட்டு, "காத்து வரட்டும் விடும்மா" என்றார். விட்டுவிட்டேன். கருநீலத்தைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் உண்மை. கண் எரிகிறது.

ஜூலை கடைசியில் இவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். ஒன்பது நாள் மெஷினில் இருந்தார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். அந்த ஒன்பது நாளும் உள்ளே விடவில்லை, வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கத்தில் முக்கால்வாசி அப்போது ஓடியதுதான். கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பகுதியில் ஒரு தப்புகூட இல்லை, நீ வந்து பார்க்கலாம்.

மெஷினை எடுத்துவிட்டார்கள். மறுபடி வார்டுக்கு வந்தாயிற்று. நேற்று அளந்தேன், முப்பத்தைந்து இருக்கிறது. முன்பக்கத்துக்குக் கண்ணியைக் குறைத்துக்கொள்ளட்டுமா?

அண்ணி


ஆகஸ்ட் 30

அண்ணி,

குறைக்காதீர்கள். முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு என்று என் மேஜைக்கு வந்தால் நேராக ரிஜெக்ட் பெட்டிதான்.

நாற்பத்திரண்டு, முப்பத்தேழு, முப்பத்தைந்து. நான் ஒரு நாளைக்கு நானூறு பீஸ் அளக்கிறவள் அண்ணி. எனக்கு நீங்கள் வேறு எதுவும் எழுத வேண்டாம், இந்த மூன்று நம்பரே போதும். தோள் எலும்பு எப்படித் துருத்திக்கொண்டிருக்கும், சாய்த்துப் பிடித்தபோது விலா எப்படித் தெரிந்திருக்கும் என்று இங்கே நின்றுகொண்டே பார்த்துவிட்டேன். இன்று காலை முப்பத்தைந்து சைஸில் ஒரு பீஸ் வந்தது. பள்ளிக்கூடப் பையன்களுக்கான ஆர்டர். கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

நான் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்கிறீர்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு என்னை வளர்த்தது அவன். எனக்கு அம்மை போட்டபோது இருபது நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவன். ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியுமா அவனுக்கு? சாப்பிட உட்கார்ந்தால்கூட ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவான். அவனை ஆறு மாதமாக மல்லாக்கப் போட்டு வைத்திருக்கிறீர்கள். போன காய்ச்சலிலேயே போயிருப்பான். ஒன்பது நாள் மெஷினில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தீர்கள். அவனுக்காகவா, உங்களுக்காகவா? இதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

வாலு


செப்டம்பர் 24

வாலு,

உன் கேள்விக்குப் பதில் எழுதி நாலு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். அதை விடு.

நேற்று மதியம் நாலு மணி இருக்கும். நூல் உருண்டை மடியிலிருந்து உருண்டு இவர் கைக்கு அடியில் போய்விட்டது. எடுக்கப் போனேன், வரவில்லை. விரல் மூடியிருந்தது. நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "விடுங்க, நான் பின்னணும்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து விட்டார்.

டாக்டரிடம் சொல்லவில்லை. அதற்கும் ஒரு பெயர் வைத்துக் கெடுத்துவிடுவார்கள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மார்பு முப்பத்தாறு. ஒரு இஞ்ச் ஏறியிருக்கிறது. முன்பக்கம் கழுத்து வரை வந்துவிட்டேன். வட்டத்தை எப்படி வளைப்பது?

அண்ணி


அக்டோபர் 3

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கேன்டீனில் வைத்துப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. தட்டை நகர்த்திவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்து, "என்னாச்சு, யாராவது தவறிட்டாங்களா?" என்றார். "இல்ல சார், எங்க அண்ணன் உயிரோட இருக்கான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அரை நாள் லீவு கொடுத்து ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டார்.

என் நாக்கில் சூடு வைக்க வேண்டும் அண்ணி. அவன் காதில் விழுகிற மாதிரி அல்லவா அன்றைக்கு அப்படிச் சொன்னேன். கேட்டிருப்பானோ? கேட்டிருந்தால் நான் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? போன கடிதத்தில் எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். அந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடுங்கள்.

கழுத்துக்கு: நடுவில் இருபது கண்ணியை முடித்துவிட்டு, இரண்டு தோளையும் தனித்தனியாக ஏற்றுங்கள். வளைவுப் பக்கத்தில் வரிசை விட்டு வரிசை ஒரு கண்ணி குறைத்தால் போதும். கழுத்துப் பட்டியை மட்டும் இறுக்கிவிடாதீர்கள், தலை நுழையாது. அண்ணனுக்குத் தலை கொஞ்சம் பெரிது, ஹெல்மெட் வாங்கப் போய் மூன்று கடை ஏறி இறங்கினோம் ஒரு தடவை.

தினமும் நூலை அவன் கையில் வையுங்கள். எத்தனை தடவை பிடித்தான் என்று எண்ணி வையுங்கள். நான் லீவு கேட்டிருக்கிறேன். ஆர்டர் போகிற சமயம், நவம்பருக்கு முன்னால் கிடைக்காது போலிருக்கிறது.

வாலு


நவம்பர் 12

வாலு,

ஸ்வெட்டர் முடிந்தது.

நேற்று மதியம் கொண்டுபோனேன். சின்ன நர்ஸையும் ஆயாவையும் துணைக்குக் கூப்பிட்டேன். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்களும் எழுந்து வந்தார்கள். பையிலிருந்து எடுத்து விரித்ததும் ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்து, "நீங்களே பின்னினீங்களா?" என்றார்கள். முதுகில் இருக்கிற ஓட்டையை யாரும் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் சின்ன நர்ஸ்தான் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இத எப்படிப் போடுறது?"

தலை வழியாக விட வேண்டும். கழுத்தில் குழாய் இருக்கிறது. குழாயில் கை வைத்தால் மூச்சு இல்லை. கையாவது நுழையுமா என்றால், இரண்டு கையும் மடங்கி விறைத்துப் போய் மூன்று மாதம் ஆகிறது.

அந்தக் குழாயைத் தினமும் துடைக்கிறவள் நான். ஆஸ்பத்திரி சட்டையைப் பின்னால் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுகிறவளும் நான்தான். மப்ளர் ஏன் ஆகாது என்று உனக்குக் காரணம் எழுதியவளும் நான்தான். அப்படியிருந்தும் ஐந்து மாதம் எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு நானூறு கழுத்துப் பார்க்கிற உனக்கும் தோன்றவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வேலைக்குக் கிளம்புகிற ஆளுக்கு நாம் இரண்டு பேரும் பின்னியிருக்கிறோம். கையை மேலே தூக்கி, தலையை உள்ளே விட்டு, முடியைக் கலைத்துக்கொண்டு வெளியே வருகிற ஆளுக்கு. அந்த ஆளைப் பிப்ரவரிக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

நடுவில் வெட்டி ஜிப் வைத்துத் தருகிறேன் என்பாய். வேண்டாம். நர்ஸ் அதை மேலே போர்த்திவிட்டாள். இரண்டு பக்கமும் வழிந்து தொங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூலைப் பிடித்தார் என்று எழுதினேனே, அது நடக்கவில்லை. உருண்டை உருண்டது நிஜம். விரல் மூடவில்லை. முப்பத்தாறும் பொய், அன்றைக்கு முப்பத்துமூன்று. நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் அப்படி எழுதினேன். நீ அழுதேன் என்று எழுதின பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. உன் சந்தோஷத்தைப் படித்துப் படித்து நானும் கொஞ்சம் நம்பிவிட்டேன். நீ சொன்ன மாதிரி தினமும் கையில் நூலை வைத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை.

மூன்று நாளாக மறுபடி காய்ச்சல். இன்று காலை பெரிய டாக்டர் வந்ததும் அந்தப் பேப்பரை நானே எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினோரு மணி. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நீ முதலிலேயே சொன்னாய். அப்போது என்னிடம் அதைச் சொல்லும் தைரியம் உனக்கு மட்டும்தான் இருந்தது. உன்னைத் துரத்திவிட்டேன். இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, வாசலில் உன்னைத்தான் தேடினேன். இருக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் தேடினேன்.

போனை அணைத்து வைத்திருக்கிறேன். பேசினால் நீ போடாதீர்கள் என்பாய், நானும் டாக்டர் பின்னால் ஓடிப் பேப்பரைப் பிடுங்கிவிடுவேன். இன்றைக்கா நாளைக்கா என்று சொல்ல முடியாது என்கிறார்கள். இதை எழுதும்போது மூச்சு இருக்கிறது. ஆயா வீட்டுக்குப் போகும் வழியில் தபாலில் போடுவதாகச் சொல்லிக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அண்ணி


நவம்பர் 12

அண்ணி,

லீவு கிடைத்துவிட்டது. ஒரு வாரம். உங்களுக்குக் காலையிலிருந்து ஐந்து தடவை போன் செய்துவிட்டேன், அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. வார்டில் இருப்பீர்கள். இந்தக் கடிதம் முந்துகிறதா நான் முந்துகிறேனா தெரியவில்லை, இருந்தாலும் கை பரபரக்கிறது, எழுதிவிடுகிறேன்.

இங்கே எல்லாரிடமும் சொல்லியாயிற்று. சாம்பிள் ரூம் அக்கா தன் அத்தை மகனைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது மாதம் இப்படியே கிடந்தவர், முதலில் விரல்தான் அசைந்ததாம், இப்போது குச்சி ஊன்றிக் கடைக்குப் போகிறாராம். அவள் கொஞ்சம் அளப்பவள்தான். பாதியைக் கழித்துவிட்டாலும் எனக்குப் போதும்.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். வந்ததும் கோபிக்காதீர்கள். அங்கேயே ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு உங்களோடு இருக்கப் போகிறேன். ஒரு ஆள் எத்தனை நாளைக்குத்தான் காலையில் கிளினிக், மதியம் ஆஸ்பத்திரி என்று அலைய முடியும்? காலையில் நான் அவன் பக்கத்தில் இருக்கிறேன், மதியம் நீங்கள் வாருங்கள். சண்டை போடுவோம்தான். வாசலுக்கு வெளியே போய்ப் போட்டுக்கொள்ளலாம், அவன் காதில் விழ வேண்டாம்.

அவனிடம் நான் வருகிறேன் என்று சொல்லுங்கள். அன்றைக்கு உளறியதற்கு மன்னிப்பு கேட்கத்தான் வருகிறேன் என்றும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வான்.

பெரிய டாக்டர் மறுபடி வந்து நெருக்கினால் நாத்தனார் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பேப்பரில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் அண்ணி. யார் சொன்னாலும் போடாதீர்கள். நானே சொன்னதாக இருந்தாலும் போடாதீர்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்துவிடுவேன்.

வாலு